ஒரு நாளைக்குப் பதினோரு சிரிப்பு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கவுன்ட்டர்காரி வீட்டில் தனியாக இருக்கிறாள் என்று நிறைவு ஆபீசுக்குப் போய்ச் சொன்னது நான் இல்லை. நான் சொன்னது தண்ணீர் வரிசையில் நின்ற மூன்றே பேரிடம். அதில் ஒருத்திக்கு என்னைவிடப் பெரிய வாய் என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

கவுன்ட்டர்காரி எனக்குப் பக்கத்து வீடு. மூன்றாம் மாடியில் ஒரே ஒரு அறை, ஒரு ஜன்னல். பெரிய ஆஸ்பத்திரியின் விசாரணைக் கவுன்ட்டரில் வேலை. எக்ஸ்ரே எங்கே, ரத்தம் எங்கே கொடுப்பது, டாக்டர் எப்போது வருவார், செத்தவரை எந்தக் கதவு வழியாக வாங்கிக்கொள்வது, எல்லாம் அவளைத்தான் கேட்க வேண்டும். நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை ஒருத்தி கூட இருந்தாள், அவளும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். தங்கை கிளம்பிப் போன வாரத்தில் இவள் அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். டம்ளரைக் கவிழ்த்துக் காதை வைத்துப் பார்த்தேன், ஏழு நாள். ஒரு விசும்பல் இல்லை, ஒரு பாட்டு இல்லை, பாத்திரம் விழும் சத்தம்கூட இல்லை. அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் என்ற மரியாதையே இல்லாத ஒரு அமைதி.

அதைத்தான் வரிசையில் சொன்னேன். ஐந்தாம் நாள் ஆபீசர் வந்துவிட்டார்.

எங்கள் ஊரில் சந்தோஷம் என்றால் என்ன என்பதில் யாருக்கும் குழப்பம் கிடையாது. துணை, பேச்சு, சிரிப்பு. மூன்றையும் எண்ணலாம், எண்ணி நோட்டில் எழுதலாம். எண்ண முடியாதது எதுவும் சந்தோஷம் இல்லை, அது ஏதோ வியாதியின் ஆரம்பம். நிறைவு ஆபீஸ்காரர்கள் குடும்பமாக இருப்பவர்களை வந்து எண்ணுவதில்லை. ஒரு கூரைக்குக் கீழே நாலு பேர் இருந்தாலே சந்தோஷம்தான் என்று எழுதிக்கொள்வார்கள். தனியாக இருக்கிறவர்களுக்குத்தான் கணக்கெல்லாம். அவர்களுக்கு ஆறு மாதம் ஒரு துணையாளைப் போடுவார்கள். தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை துணையாள் போய் உட்கார்ந்து பேச வேண்டும், சிரிக்க வைக்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். ஆறு மாதத்திலும் தேறவில்லை என்றால் அறையை வாங்கிக்கொண்டு ஆளைக் கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கூடம் என்பது அறுபது கட்டில் போட்ட ஒரே ஹால். அங்கே விளக்கை அணைப்பதில்லை. இருட்டில் ஒருவர் தனியாக உணர்ந்துவிடக் கூடாதல்லவா.

வந்த ஆபீசருக்கு இந்தக் கட்டிடத்தில் பெயர் முப்பத்திரண்டு. எப்போதும் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். அவர்களுக்கு அது சீருடை மாதிரி, கழற்ற முடியாது. "இந்தக் கட்டிடத்துல நல்லா பேசறவங்க யாரு?" என்று படிக்கட்டில் நின்று கேட்டிருக்கிறார். எல்லா மாடியிலிருந்தும் கை என் கதவைத்தான் காட்டியிருக்கிறது. ரேடியோ அக்கா என்று ஒரு பட்டப்பெயரை இருபது வருடமாகச் சுமக்கிறேன், அதற்கு ஒரு சம்பாத்தியம் இருக்க வேண்டாமா. துணையாளுக்குச் சலுகையும் உண்டு என்றார். என்ன சலுகை என்று கேட்டேன். இனிமேல் தண்ணீர் வரிசையில் நிற்க வேண்டியதில்லையாம். ஊர் விஷயம் எல்லாம் எனக்குக் கிடைப்பதே அங்கேதான். இருந்தாலும் மூடிய கதவுக்கு உள்ளே போய்ப் பார்க்கலாமே என்று ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள் கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, "வாங்கக்கா. அந்த நாற்காலி உங்களுக்கு" என்றாள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு மேஜை. மேஜையில் கவிழ்த்து வைத்த ஒரு தட்டு. ஒரு தட்டுதான். அதைப் பார்த்ததும் எனக்குப் பாவமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. என் வீட்டில் ஏழு தட்டு கழுவ வேண்டும்.

அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். ஒரு பக்கெட் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பேசியே ஆகணுமா அக்கா?"

"ரூல்ல அப்படித்தானே இருக்கு."

"நான் காலையில எட்டுலேர்ந்து பேசறேன். இன்னிக்கு நானூறு பேர் இருக்கும். ஒருத்தர் திட்டுவாரு, ஒருத்தர் அழுவாரு, ஒருத்தர் சொன்னதையே பத்து தடவை கேப்பாரு. வீட்டுக்கு வந்து கதவச் சாத்தினா காது ரெண்டும் கொய்ங்குன்னு கத்தும். அது அடங்க ஒரு மணி நேரம் ஆவும். அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் எனக்கே எனக்குன்னு கிடைக்கும்."

"கிடைச்சு? அதுல என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"ஒண்ணுமேவா?"

"ஜன்னலைத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருப்பேன். அவ்வளவுதான்."

"அதுல என்னம்மா சந்தோஷம்?"

"தெரியலக்கா. ஆனா காலையில கவுன்ட்டரைத் தொறக்கறப்போ அது மட்டும்தான் ஞாபகம் இருக்கும்."

அதற்கு மேல் பேசவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். வாயை மூடிக்கொண்டு இரண்டு மணி நேரம் என்பது எனக்கு என்ன என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும். அவர் பஸ் ஓட்டி ரிட்டயரானவர், இன்ஜினையே சகித்தவர், அவரே என்னைப் பார்த்து ஹாரனை அமுக்குவதுபோல் கையைக் காட்டுவார். முதல் வாரம் எனக்கு நாக்கு அரித்தது. இரண்டாம் வாரம் அவள் அறையில் இருந்ததை எல்லாம் எண்ணி முடித்தேன்: சுவரில் பதினான்கு ஆணி, ஒன்றிலும் படம் இல்லை. மூன்றாம் வாரம் நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். எழுந்தபோது எட்டு அடித்திருந்தது, என் தலைக்குக் கீழே ஒரு தலையணை இருந்தது. பகல் வெளிச்சம் மறையும் நேரத்தில், யாரும் கூப்பிடாமல், தானாகத் தூங்கித் தானாக எழுந்தது எனக்கு எத்தனை வருடம் கழித்து என்று கணக்குப் போட்டேன். கிடைக்கவில்லை.

என் வீட்டைச் சொல்ல வேண்டும். இரண்டு அறையில் ஏழு பேர். நான், வீட்டுக்காரர், என் பையன், கொழுந்தன், ஓரகத்தி, அவர்களுடைய இரட்டைப் பெண்கள். பையனுக்குக் கல்யாண வயது, ஆனால் இனி ஒரு பாய் விரிக்க இடமில்லை என்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறோம். சட்டப்படி நாங்கள் ஏழு மடங்கு சந்தோஷமானவர்கள். சுவரில் சான்றிதழ்கூட மாட்டியிருக்கிறது. அதன் மேல் என் ஓரகத்தி ஈரத் துண்டைப் போடுவாள்.

முதல் மாதம் நோட்டில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். பேச்சு: இல்லை. சிரிப்பு: இல்லை. துணையாள்: தூங்கினார். முப்பத்திரண்டு நோட்டைப் புரட்டிவிட்டு, சிரிப்பு மாறாமலே, "அக்கா, இப்படியே எழுதினீங்கன்னா அவங்கள அடுத்த மாசமே கூடத்துக்கு ஏத்திடுவாங்க" என்றார்.

அன்று சாயங்காலம்தான் கவுன்ட்டர்காரி தானாக வாயைத் திறந்தாள். பக்கெட்டில் கால் வைக்கவில்லை, நின்றுகொண்டே பேசினாள்.

"அக்கா, எனக்குப் பெருசா எதுவும் வேணாம். இந்தக் கதவு வேணும். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட இந்தக் கதவு. அது போச்சுன்னா அந்த நானூறு பேரு ராத்திரியும் பகலும் என் காதுலயே குடியிருப்பாங்க. ஏதாவது எழுதுங்க. ரெண்டு வார்த்தை பேசினோம், ஒரு தடவை சிரிச்சோம்னு எழுதுங்க."

"பொய்யா எழுதச் சொல்றியா?"

"வரிசையில நின்னு சொல்றப்போ மட்டும் உண்மையைத்தான் சொன்னீங்களா?"

ஆக, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நோட்டைத் திறந்து எழுதினேன்.

ஒரு விஷயத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தண்ணீர் வரிசையை விட்டு எனக்கு ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. சொல்ல வேண்டியது எல்லாம் உள்ளே தேங்கிக் கிடந்தது. பேனாவைத் திறந்தால் நிற்கவில்லை. என் ஓரகத்தி வாங்கிய புடவை துவைத்ததும் கைக்குட்டை ஆன கதையை எழுதினேன், அதற்குக் கவுன்ட்டர்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாக எழுதினேன். மொட்டை மாடியில் யார் யாரோடு நின்றார்கள் என்று எழுதினேன், அவள் "அப்படியாக்கா" என்று வாயைப் பிளந்ததாக எழுதினேன். அவள் எனக்குத் தலை வாரிவிட்டாள், நான் அவளுக்குக் காலை அமுக்கிவிட்டேன், இருவரும் சேர்ந்து பாடினோம். இத்தனையும் நடந்தபோது அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பேனா உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் ஒரு நாள் நோட்டை வாங்கிப் படித்தாள்.

"என்னக்கா இது, ஒரு நாளைக்குப் பதினோரு சிரிப்பு?"

"அன்னிக்குக் கதை அப்படி."

"ரெண்டு போதும்கா. எல்லாரும் இருக்கற மாதிரி நடுவுல இருக்கணும். கவுன்ட்டர்ல பாக்கறேன்ல, ரொம்ப அழறவனையும் கூப்புடுவாங்க, ரொம்பச் சிரிக்கறவனையும் கூப்புடுவாங்க. நடுவுல நிக்கறவன யாரும் கண்டுக்க மாட்டாங்க."

"சரி சரி, கொறைச்சுக்கறேன்."

குறைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் முப்பத்திரண்டு வந்து, "ஆபீஸ்ல உங்க நோட்டுக்காக எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. டைப்பிஸ்ட் அம்மா சத்தமா படிப்பாங்க, நாங்க சுத்தி உக்காந்து கேப்போம். அந்தப் புடவை கைக்குட்டை ஆச்சே, மேலதிகாரி எழுந்து போய்ச் சிரிச்சுட்டு வந்தாரு" என்றார். என் வீட்டில் நான் ஒரு வாக்கியத்தை முடித்து இருபது வருடம் ஆகிறது. ஒரு ஆபீஸ் முழுக்க உட்கார்ந்து கேட்கிறது என்றால் எந்த மனுஷிக்குத்தான் கை நிற்கும். அடுத்த வாரம் ஒரு நாளைக்குப் பதினான்கு சிரிப்பு எழுதினேன்.

ஐந்தாம் மாத முடிவில் கடிதம் வந்தது. எங்கள் இருவரையும் முன்மாதிரி இணையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இவ்வளவு அன்பானவர்களைப் பிரித்து வைப்பது துறையின் நோக்கத்துக்கே விரோதமாம். ஆகையால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் அரசாங்கச் செலவில் இடித்துத் தரப்படும். இனி ஒரே வீடு, எட்டுப் பேர். தனிக் கதவு தேவையில்லை என்பதால் அவளுடைய கதவு செங்கல் வைத்து அடைக்கப்படும்.

கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை, பதிலுக்கு நானும் இரண்டு சொல்லிவிட்டுப் போயிருப்பேன். "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கடைசிக் கதவுக்கு வழி சொல்கிற குரல் அது.

மறுநாள் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் நிறைவு ஆபீசுக்கு ஓடினேன். முப்பத்திரண்டு ஒரு நீண்ட ஹாலில், முப்பது மேஜைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எல்லா மேஜையிலிருந்தும் தலை தூக்கிச் சிரித்தார்கள். நான் குனிந்து அவர் காதில் சொன்னேன்.

"தம்பி, நோட்டுல இருக்கறது எல்லாம் பொய். அவ ஒரு தடவைகூடச் சிரிச்சதில்ல."

"தெரியும்கா."

"தெரியுமா?"

"நான் அவங்கள கவுன்ட்டர்ல பாத்திருக்கேன். எங்கப்பாவ அங்கதான் சேத்திருந்தோம்." அவர் பேனாவை மூடினார். "ஆனா நீங்க எழுதினது பொய்னு நான் எழுதினா, அவங்க கூடத்துக்குப் போவாங்க. உங்க சான்றிதழைப் பிடுங்கிடுவாங்க. அஞ்சு மாசமா கையெழுத்துப் போட்ட என்னை எங்கயாவது தூக்கி அடிப்பாங்க. மூணு பேரும் சந்தோஷமா இல்லன்னு ஆயிடும்."

"இப்ப மட்டும் இருக்கமா?"

"எழுத்துல இருக்கோம்."

அப்போதும் பல் தெரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பக்கத்து மேஜைக்காரர் எழுந்து போகும்வரை காத்திருந்து, "நான்லாம் சாயங்காலம் பஸ்ல ஏறினா என் ஸ்டாப்ல எறங்க மாட்டேன்கா. கடைசி வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வருவேன். அந்த நேரத்துல பஸ் காலியா இருக்கும். வீட்ல கேட்டா குடும்பத்துக்கு ஏதோ வாங்கப் போனேன்னு சொல்லிக்குவேன். வெளிய போறதுக்கு யாரும் கணக்குக் கேக்கறதில்ல" என்றார். பிறகு சத்தமாக, ஹாலுக்கே கேட்கும்படி, "ரொம்ப சந்தோஷம்கா, போய்ட்டு வாங்க" என்றார்.

திங்கட்கிழமை கொத்தனார் வந்தார். இரண்டு மணி நேரத்தில் சுவர் கீழே கிடந்தது. டம்ளர் வைத்துக் கேட்ட சுவருக்கு அவ்வளவுதான் ஆயுசு. இடிபாட்டுக்கு முன்னால் எங்கள் எட்டுப் பேரையும் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். கொத்தனாரையும் சிரிக்கச் சொன்னார்கள். "எனக்கு இன்னும் ரெண்டு சுவர் பாக்கி இருக்கு" என்று அவர் கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு என் குடும்பம் அந்த அறைக்குள் வெள்ளம்போல் போயிற்று. வீட்டுக்காரர் ரேடியோவைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தார். இரட்டைப் பெண்களுக்கு அந்தக் கட்டிலின் துள்ளல் பிடித்துப்போயிற்று. ஜன்னலில் வெயில் நன்றாக விழுகிறது என்று ஓரகத்தி கொடி கட்டினாள். "பாத்தீங்களாக்கா, எவ்வளவு இடம் சும்மா கிடந்திருக்கு. ஒத்தை ஆளுக்கு எதுக்கு இத்தனை?" என்று என்னிடமே கேட்டாள். பதினான்கு ஆணியிலும் சட்டை தொங்கியது. கவுன்ட்டர்காரி யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. யார் எது கேட்டாலும் பதில் சொன்னாள், இனிமையாக, சுருக்கமாக, அடுத்தவரைக் கூப்பிடுவதுபோல.

இரண்டு வாரத்தில் அவள் வீடு திரும்பும் நேரம் ஆறிலிருந்து ஏழு ஆயிற்று, ஏழிலிருந்து எட்டு ஆயிற்று. ஆஸ்பத்திரியில் வேலை அதிகம் என்றாள். எனக்கு எதையும் சரிபார்க்காமல் தூக்கம் வராது. ஒரு நாள் ஆறரைக்குக் குப்பை கொட்டக் கீழே இறங்கினேன். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் படிக்கட்டு திரும்பும் இடத்தில், பல்பு எரியாத மூலையில், அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டுப் பை. இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தியிருந்தாள். மேலே என் வீட்டுச் சத்தம் படியில் உருண்டு வந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர், ஓரகத்தி, ரேடியோ, எல்லாம் சேர்ந்து.

குப்பையைக் கொட்டாமல் அப்படியே மேலே ஏறினேன். அவள் பார்த்தாளா என்று தெரியாது.

மறுநாள் ஐந்தரைக்கு வாசலில் நின்றுகொண்டு சொன்னேன்.

"எல்லாரும் செருப்ப மாட்டுங்க. வெளிய போறோம்."

"எங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"வெளிய."

"வெளியன்னா எங்கடி? கல்யாணமா, கருமாதியா?"

"முன்மாதிரிக் குடும்பம்னா சேந்து வெளிய போகணுமாம். ஆபீஸ்ல சொல்லிட்டாங்க." பொய்தான். பழகின கை.

"எனக்கு மாவு கரைக்கணும்" என்றாள் ஓரகத்தி.

"கரைச்ச வரைக்கும் போதும். எந்திரி."

ஆறு பேரையும் ஓட்டிக்கொண்டு மூன்று தெரு தள்ளிய பஸ் நிறுத்தத்துக்கு வந்து நிழற்குடைக்குக் கீழே உட்கார வைத்தேன். வேறு எங்கே போவது. பூங்காவில் சிரிக்காமல் உட்கார்ந்தால் வந்து விசாரிப்பார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவனை மட்டும்தான் இந்த ஊரில் யாரும் ஏன் உம்மென்று இருக்கிறாய் என்று கேட்பதில்லை. ஏழரை வரை பஸ்கள் வந்தன, போயின. ஒவ்வொரு பஸ் வரும்போதும் வீட்டுக்காரர் பழைய பழக்கத்தில், "பிரேக் சரியில்ல" என்பார். திரும்பிப் போனபோது கவுன்ட்டர்காரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், பக்கெட்டில் கால். கொடியில் இருந்த ஈரத் துணியை எல்லாம் மடித்து ஓரமாக வைத்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள். நான் நோட்டை எடுத்து, எட்டுப் பேரும் வெளியே சென்றோம், சிரிப்பு இரண்டு என்று எழுதினேன்.

இப்போது இரண்டு மாதமாக இதுதான் என் வேலை. உடம்பு முடியவில்லை. முழங்கால் இரண்டும் கழன்று விழுவதுபோல் இருக்கிறது. அந்த நாற்காலியில் நான் தூங்கிய தூக்கமும் போயிற்று, ஏனென்றால் ஓட்டிக்கொண்டு வருகிறவள் உடன் இருக்காவிட்டால் மந்தை அரை மணியில் வீடு திரும்பிவிடும். பையன் முதல் வாரமே நழுவப் பார்த்தான், "என்னால முடியலம்மா, ஃப்ரெண்ட்ஸ் கேலி பண்றாங்க" என்றான். கல்யாணத்துக்கு அந்த ஜன்னலோர அறையைத் தருகிறேன் என்று சொல்லி வைத்தேன். தர மாட்டேன். அவனுக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன், ஆனாலும் வருகிறான்.

நேற்று மழை பிடித்துக்கொண்டது. நிழற்குடைத் தகரத்தில் ஓட்டை, சாரல் நேராக ஓரகத்தியின் தோளில். இரட்டையரில் ஒருத்தி என் மடியில் தூங்கிவிட்டாள், இன்னொருத்தி செருப்பைத் தண்ணீரில் விட்டு விளையாடினாள். கொழுந்தன் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தை இவ்வளவு நேரம் சும்மா பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. பாவம், நரைத்துப் போயிருந்தான்.

"ஏங்கா, எல்லாரும் நனையறோம். வீட்டுக்குப் போயிடலாமே" என்றாள் ஓரகத்தி. "அவ ஒருத்திக்காகத்தானே இதெல்லாம்? எனக்கு ஒண்ணும் புரியாம இல்ல."

"புரிஞ்சா சரி."

"அவ அங்க என்னதான் பண்ணுவா?"

"ஒண்ணும் பண்ண மாட்டா."

ஓரகத்தி சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். தலை என் தோள்பக்கம் சாய்ந்தது. பதினெட்டு வருடத்தில் அவள் என்மேல் சாய்ந்ததில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்கா?"

"நாப்பது நிமிஷம்."

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.